19 பேருடன் கவிழ்ந்த 'சீகோர் பவர்': 6 நாள் தேடியும் 7 பேர் ஏன் கிடைக்கவே இல்லை?

கடலில் ஒரு கப்பல் கவிழ்ந்தால் டிவி திரையின் கீழே முதலில் ஓடுவது எண்கள்தான். கப்பலில் இத்தனை பேர், மீட்கப்பட்டவர்கள் இத்தனை பேர், மற்றவர்களைத் தேடும் பணி தீவிரம். இதில் கடைசி வரி மட்டும் இரண்டு, மூன்று நாளில் திரையில் இருந்து சத்தமில்லாமல் இறங்கிவிடும். அவர்கள் கிடைத்தார்களா, தேடுதலை யார் நிறுத்தியது, ஏன் நிறுத்தினார்கள் என்று பெரும்பாலும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் லூசியானா கடற்கரையில் 2021 ஏப்ரல் 13-ம் தேதி கவிழ்ந்த 'சீகோர் பவர்' கப்பலில் இருந்தவர்கள் 19 பேர். உயிரோடு திரும்பியவர்கள் 6 பேர். 6 பேரின் உடல்கள் கிடைத்தன. மீதி 7 பேர் இன்று வரை கிடைக்கவில்லை. இத்தனைக்கும் கப்பல் கவிழ்ந்தது நடுக்கடலில் இல்லை. துறைமுகத்தில் இருந்து சுமார் 7 மைல் தூரம். தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய 50 அடிதான். கவிழ்ந்த கப்பலின் ஒரு பக்கம் தண்ணீருக்கு மேலேயே தெரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவு பக்கத்தில், ஹெலிகாப்டரும் ரோந்துக் கப்பலும் உள்ள ஒரு நாட்டில், ஏன் முடியவில்லை?

முதலில், இது என்ன மாதிரி கப்பல்?

'சீகோர் பவர்' சரக்குக் கப்பலும் இல்லை, மீன்பிடிக் கப்பலும் இல்லை. இதை 'லிஃப்ட்போட்' என்பார்கள். கடலுக்குள் இருக்கும் எண்ணெய், எரிவாயு மேடைகளில் பழுது பார்க்க ஆளையும் கிரேனையும் சாமான்களையும் கொண்டு போகிற வேலைக் கப்பல் இது. தட்டையான உடல், அதில் மூன்று பெரிய இரும்புக் கால்கள். போக வேண்டிய இடத்துக்கு மிதந்து போகும். அங்கே போனதும் மூன்று கால்களையும் கடலின் தரை வரைக்கும் இறக்கி, அந்தக் கால்களின் மேல் தன் உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளும். அப்புறம் அலை அடித்தாலும் ஆடாது. வீட்டில் பரண் மேல் ஏற ஸ்டூல் போடுவோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பயணத்தில். மிதந்து போகும்போது அந்தக் கால்கள் மேல்நோக்கி நிற்கும். 'சீகோர் பவர்' கால்களின் நீளம் 80 மீட்டருக்கு நெருக்கம். இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு மூன்று இரும்புத் தூண்கள் நிற்கும் ஒரு தட்டையான கப்பலை நினைத்துப் பாருங்கள். எடை மேலே இருக்கிறது, காற்று மோதுவதற்கான பரப்பும் மேலே இருக்கிறது. கால் ஊன்றி நின்றுவிட்டால் உறுதியான கப்பல், மிதக்கும்போது காற்றுக்குப் பயப்பட வேண்டிய கப்பல். அதனால்தான் இவ்வகைக் கப்பல்களுக்கு 'இவ்வளவு காற்று வரைக்கும்தான்' என்று ஒரு வரம்பு உண்டு.

அன்று நடந்தது என்ன?

பிற்பகல் 1.30 மணியளவில் போர்ட் ஃபோர்ஷான் துறைமுகத்தில் இருந்து கப்பல் கிளம்பியது. கப்பல் ஊழியர்கள் 11 பேர், எண்ணெய் மேடை வேலைக்குப் போகிறவர்கள் 8 பேர். மெக்சிகோ வளைகுடாவில் உள்ள ஒரு எண்ணெய் வயல் பகுதிக்குப் பயணம். காலையில் கையில் இருந்த வானிலைத் தகவலில் பயப்படும்படி எதுவும் இல்லை.

கிளம்பி இரண்டு மணி நேரத்தில் நிலைமை மாறியது. இடிமழையோடு சூறைக்காற்று. கண்முன் இருப்பது தெரியவில்லை. காற்று ஏறிக்கொண்டே போனது. மணிக்கு 80 முதல் 90 மைல், அதாவது 130 கிலோமீட்டருக்கு மேல் காற்று, 7 முதல் 9 அடி அலை என்று கடலோரக் காவல்படை அப்போது சொன்னது. புயல் கடந்து போகும் வரை கால்களை இறக்கி அப்படியே நின்றுவிடலாம் என்று கப்பலில் முடிவெடுத்தார்கள். காற்றை நேராக எதிர்கொள்ள கப்பலைத் திருப்பத் தொடங்கினார்கள். திரும்பும்போதே சாய்ந்தது, கவிழ்ந்தது. நேரம் சுமார் 3.40.

இதில் கவனிக்க வேண்டியது வேகம். உயிர்காப்பு மிதவையை இறக்கவோ, எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டவோ நேரமே இல்லை. கப்பல் பக்கவாட்டில் படுத்துவிட்டதால் அறைக்குள் இருந்தவர்களுக்குச் சுவர் தரையாகிவிட்டது, தாழ்வாரம் கிணறாகிவிட்டது. சிலர் ஜன்னல் வழியாகக் கடலுக்குள் போனார்கள். சிலர் மேலே தெரிந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

மீட்கப்பட்ட 6 பேரில் 4 பேரைக் காப்பாற்றியது அரசுக் கப்பல்கள் அல்ல, அந்த வழியில் இருந்த தனியார் படகுகள். கடலில் எப்போதும் இதுதான் நிலைமை. முதலில் வந்து சேர்வது பக்கத்தில் இருப்பவர்தான். மற்ற இருவரில் ஒருவரைக் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பல் 'கிளென் ஹாரிஸ்' தூக்கியது, இன்னொருவரைக் காவல்படையின் ஒரு படகு மீட்டது.

கப்பலின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தவர்களை மீட்புக் குழுவினர் கண்ணால் பார்த்தார்கள். ரேடியோவில் பேச்சும் இருந்தது. ஆனால் அந்தக் காற்றிலும் அலையிலும் படகு நெருங்க முடியவில்லை, ஹெலிகாப்டரில் இருந்து கயிறு இறக்கித் தூக்கவும் முடியவில்லை. இந்த விபத்தில் மனதை ரொம்பப் பிசையும் இடம் இதுதான். ஆள் இருக்கும் இடம் தெரியும், எட்டவில்லை.

உள்ளே காற்று இருந்திருக்குமா?

துறைமுகத்தில் காத்திருந்த குடும்பங்கள் நாள்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கை இது. கவிழ்ந்த கப்பலுக்குள் எங்காவது காற்று தங்கியிருக்கும், அங்கே அவர்கள் இருப்பார்கள் என்று. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெறும் ஆசையாகத் தெரியலாம். அப்படி இல்லை. இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது.

2013 மே 26. நைஜீரியா கடலில் 'ஜேஸ்கான்-4' என்ற இழுவைக் கப்பல் கவிழ்ந்து சுமார் 30 மீட்டர் ஆழத்தில் போய் விழுந்தது. கப்பலில் 12 பேர். சமையல்காரர் ஹாரிசன் ஒகீன் மட்டும் உள்ளே ஒரு சின்னக் காற்றிடத்தில் தலையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 60 மணி நேரம் இருந்தார். மூழ்குநர்கள் உள்ளே போனது உடல்களை எடுக்கத்தான். இருட்டில் மிதந்த ஒரு கையை ஒருவர் பிடிக்க, அந்தக் கை திரும்பப் பிடித்தது. அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது, நீங்களும் பார்த்திருக்கலாம். ஆச்சரியம் என்னவென்றால், அதே ஒகீன் பின்னாளில் தானே மூழ்குநர் தொழிலுக்குப் போனார்.

எப்படித் தாங்கினார்? ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், சின்ன இடத்தில் அடைபட்ட காற்றிலும் மேலே இருப்பதைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் இருக்கும். உண்மையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்வது இல்லை, நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துகொண்டே போவதுதான். அதில் ஒரு பகுதியைச் சுற்றியிருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காற்றிடம் கிடைத்தால் பல மணி நேரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடச் சாத்தியம். இன்னொரு சிக்கல், அழுத்தத்தில் இவ்வளவு நேரம் இருந்தவரை அப்படியே மேலே தூக்கினால் ரத்தத்தில் வாயுக் குமிழ்கள் உண்டாகி உயிரே போகும். ஒகீனை மூழ்குநர்களின் அழுத்த அறைக்குள் வைத்து, மெதுவாகத்தான் சாதாரண அழுத்தத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

அதனால்தான் 'சீகோர் பவர்' விஷயத்திலும் மூழ்குநர்கள் கப்பலுக்குள் இறங்கித் தேடினார்கள். வானிலை விட்டபோது இறங்குவது, கெட்டபோது நிறுத்துவது என்று அது போனது. உள்ளே உடல்கள்தான் கிடைத்தன. வெளியே கடலிலும் சில உடல்கள் கிடைத்தன.

கடலில் ஒரு ஆளை எப்படித் தேடுவார்கள்?

ஹெலிகாப்டர் சும்மா சுற்றிச் சுற்றி வருவது இல்லை. காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று எல்லாவற்றையும் கணினியில் கொடுப்பார்கள். ஆயிரக்கணக்கான கற்பனைப் புள்ளிகளைக் கப்பல் கவிழ்ந்த இடத்தில் 'போட்டு', ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிட்டு, அதிகப் புள்ளிகள் கூடும் இடத்தில் முதலில் தேடுவார்கள். உண்மையான மிதவைகளையும் கடலில் போட்டு, அவை போகும் பாதையை வைத்துக் கணக்கைத் திருத்துவார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டவர் ஒரு பக்கம் போவார், மிதவைப் படகு இன்னொரு பக்கம் போகும். ஜாக்கெட் இல்லாதவரின் கணக்கே வேறு.

நேரம் போகப் போக இந்தக் கணக்கு எவ்வளவு கைமீறும் தெரியுமா? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் இருக்கக்கூடிய வட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் தேட வேண்டிய பரப்பு சுமார் 12 சதுர கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் 450. ஒரு நாளில் 7,000-க்கு மேல். அதற்குள் இருக்கும் மனிதனின் தலை, ஹெலிகாப்டரில் இருந்து பார்த்தால் தேங்காய் அளவு. அலையின் நுரை வேறு வெள்ளையாக இருக்கும்.

'சீகோர் பவர்' தேடுதலில் 6 நாட்களில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து 175 மணி நேரம், 9,200 சதுர கடல் மைலுக்கு மேல் தேடியதாகக் கடலோரக் காவல்படை சொன்னது. தமிழ்நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஏப்ரல் 19-ம் தேதி தேடுதல் நிறுத்திவைக்கப்பட்டது. அன்றைய கணக்கில் 8 பேர் காணவில்லை. பிறகு இன்னொருவரின் உடல் கிடைத்து அது 7 ஆனது.

'நிறுத்திவைப்பு' என்ற சொல்லை அதிகாரிகள் வேண்டுமென்றேதான் சொல்கிறார்கள். புதிய தகவல் வந்தால் மறுபடி தொடங்குவோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரின் வெப்பத்தில் ஒருவர் எத்தனை நேரம் தாங்குவார், அவர் இருக்கக்கூடிய இடங்களை எத்தனை முறை தேடியாகிவிட்டது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கணக்குப்படி சரி. ஆனால் வீட்டில் காத்திருக்கும் மனைவிக்கு அந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியாது. அரசு நிறுத்திய பிறகும் குடும்பங்களும் தன்னார்வலர்களும் சொந்தப் படகுகளில் தேடினார்கள். சதுப்புநிலக் கரை ஓரமாகக் கூட நடந்து பார்த்தார்கள்.

தப்பு எங்கே?

விசாரித்தது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சுருக்கமாக என்.டி.எஸ்.பி. 2022 அக்டோபரில் அதன் முடிவு வந்தது. கப்பலின் வரம்பைத் தாண்டிய காற்று மோதியதால் நிலைத்தன்மை போய்க் கவிழ்ந்தது என்பது காரணம். கவிழ்ந்த வேகம், கப்பல் படுத்த கோணம், அதன் பிறகும் அடங்காத காற்று, இவை மூன்றும் உயிரிழப்பைக் கூட்டின என்றது வாரியம். 'இந்த வானிலையில் ஏன் கிளம்ப விட்டார்கள்' என்பது குடும்பங்களின் பெரிய கேள்வியாக இருந்தது. கிளம்பும்போது கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானதே என்று வாரியம் சொன்னது.

சரி, அந்தத் தகவல் ஏன் அப்படி இருந்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

கப்பல்களுக்கு வானிலை எச்சரிக்கையை எழுத்து வடிவில் அனுப்பும் 'நேவ்டெக்ஸ்' என்ற ஒளிபரப்பு முறை உண்டு. வானிலை மையம் அன்று எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் பகுதியின் நேவ்டெக்ஸ் அன்று வேலை செய்யவில்லை. அதைவிட மோசம், அது வேலை செய்யவில்லை என்பதைக் கப்பல்களுக்குச் சொல்லும் ஏற்பாடும் இல்லை. எச்சரிக்கை வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஒளிபரப்பு நின்றால் மாலுமிகளுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று வாரியம் பரிந்துரை செய்தது. இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு 13 உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

இன்னொன்று ரேடார். ரேடாரின் கதிர் நேர்க்கோட்டில் போகும், பூமி வளைந்திருக்கும். கரையில் இருந்து தூரம் போகப் போகக் கதிர் கடலுக்கு மேலே உயர்ந்துகொண்டே போகும். கடல் மட்டத்தை ஒட்டி வீசும் காற்று அதன் கண்ணில் படாது. கடலோர ரேடார்களின் கோணத்தை இன்னும் தாழ்த்த முடியுமா என்று பாருங்கள் என்றும் வாரியம் கேட்டது. எண்ணெய் வயல் பகுதிகளில் தனியார் மீட்பு ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன, அவற்றையும் தேடுதல் திட்டத்தில் சேருங்கள் என்றது. புதிதாகக் கட்டப்படும் லிஃப்ட்போட்களுக்கு நிலைத்தன்மை விதிகளைக் கடுமையாக்கவும் சொன்னது.

உள்ளங்கை அளவு கருவி

இத்தனை பரிந்துரைகளில் ஒன்று மட்டும் புதிது இல்லை. கப்பலில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இருப்பிடக் கருவி கொடுங்கள் என்பது.

கப்பலுக்கு என்று ஒரு அவசரக் கருவி ஏற்கெனவே இருக்கும். தண்ணீர் பட்டால் தானாகவே செயற்கைக்கோளுக்கு சிக்னல் அனுப்பும். ஆனால் அது சொல்வது கப்பல் எங்கே என்பதை. 'சீகோர் பவர்' எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அது கண்முன்னே கிடந்தது. தெரியாதது, அதில் இருந்து அலை அடித்துப் போனவர்கள் எங்கே என்பது. லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும் தனிநபர் கருவி அதைத்தான் சொல்லும். உள்ளங்கைக்குள் அடங்கும். விலை சில நூறு டாலர். மேலே பார்த்த 7,000 சதுர கிலோமீட்டர் கணக்கு, ஒரு கால்பந்து மைதான அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதை என்.டி.எஸ்.பி முதலில் கேட்டது 2017-ல். 2015 அக்டோபரில் 'எல் ஃபாரோ' என்ற சரக்குக் கப்பல் சூறாவளியில் மூழ்கி 33 பேரும் இறந்த பிறகு. கடலோரக் காவல்படை இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2021 ஏப்ரலில் 'சீகோர் பவர்' கிளம்பும்போது அது கட்டாயம் ஆகியிருக்கவில்லை. அதனால் விசாரணை முடிவில் வாரியம் அதே பரிந்துரையை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி இருந்திருந்தால் 13 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இரும்புக்கும் தண்ணீருக்கும் உள்ளே இருந்து சிக்னல் வெளியே வராது. உள்ளே மாட்டியவர்களுக்கு இதனால் பயன் இல்லை. காயத்தோடு விழுந்தவருக்கு அதை இயக்கும் தெம்பு இருந்திருக்குமா என்பதும் கேள்வி. ஆனால் கடலுக்குள் போனவர்களைத் தேடும் குழுவுக்கு, எங்கே போக வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

நம்ம ஊர்ல?

'சீகோர் பவர்' கவிழ்ந்த அடுத்த மாதமே இந்தியாவில் இதைவிடப் பெரிய விபத்து நடந்தது. 2021 மே 17, டவ்-தே புயல். மும்பைக்கு மேற்கே எண்ணெய் வயல் பகுதியில் நின்ற 'பி-305' என்ற தங்கும் பார்ஜ் நங்கூரங்கள் அறுந்து, அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. அதற்குச் சொந்தமாக இன்ஜின் கிடையாது. எண்ணெய் மேடைகளில் வேலை செய்யும் தொழிலாளர்கள் ராத்திரி தங்குவதற்கான மிதக்கும் விடுதி அது. கப்பலில் 261 பேர். 'ஐஎன்எஸ் கொச்சி' உள்ளிட்ட கடற்படைக் கப்பல்கள் புயலுக்குள்ளேயே போய் 186 பேரை மீட்டன. சாதாரண வேலை இல்லை அது. 'வரப்பிரதா' என்ற இழுவைக் கப்பலும் மூழ்கி, அதில் இருந்த 13 பேரில் 2 பேர்தான் பிழைத்தார்கள்.

அங்கே பிரச்சினை நேர் எதிர். எச்சரிக்கை நாட்கணக்கில் முன்பே வந்திருந்தது. அப்படியும் பார்ஜ் பாதுகாப்பான இடத்துக்குப் போகவில்லை. யார் முடிவு அது என்று எண்ணெய் நிறுவனம், ஒப்பந்த நிறுவனம், பார்ஜ் கேப்டன் என்று ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டியதைப் பார்த்தோம். உயர்மட்டக் குழு போடப்பட்டது, வழக்கும் பதிவானது.

தேடுதலில் மட்டும் இரண்டு விபத்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. லைஃப் ஜாக்கெட்டோடு இரவு முழுக்க மிதந்தவர்களைக் கப்பலின் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துத்தான் தேடினார்கள். கூட்டமாகக் கைகோத்துக்கொண்டு மிதந்தவர்கள் கண்ணில் பட்டார்கள். பிரிந்து போனவர்கள் அலையோடு போனார்கள். பல நாள் கழித்து மகாராஷ்டிராவின் ராய்கட், குஜராத்தின் வல்சாட் கரைகளில் உடல்கள் ஒதுங்கின. அடையாளம் காண முடியாமல் குடும்பத்தினரிடம் ரத்த மாதிரி வாங்கி, டிஎன்ஏ சோதனை செய்து ஒப்படைத்தார்கள்.